பெட்டிக்குள் ஒரு சர்வர்

தமிழர்களுக்கு 'சர்வர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஓட்டல். 1964இல் 'சர்வர் சுந்தரம்' படம் வந்தபோது அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேலை மாறவில்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் ஓட்டல் சர்வர். கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து திரையில் வைப்பது வெப் சர்வர்.

வெப் சர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட பெரிய கூடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் இயந்திரங்களைத்தான் பலரும் கற்பனை செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பழவங்காடியில், பிள்ளையார் கோவிலைத் தாண்டிக் கிழக்கே கோட்டைப் பக்கமோ சாலைக் கடைத்தெருப் பக்கமோ நடந்தால், துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை என்று எங்கும் கூரையில் கேமரா தெரியும். கல்லாவுக்கு அடியிலோ அலமாரிக்கு மேலோ, தூசி படிந்த பெட்டி ஒன்று கேமரா காண்பதையெல்லாம் பதிவுசெய்துகொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு வெப் சர்வர் இருக்கிறது. இன்டர்நெட் கொண்டுவரும் ரௌட்டருக்குள்ளும் ஒன்று இருக்கிறது. வலையமைப்பில் இணைத்த பிரிண்டருக்குள் இன்னொன்று. ஒரே கடையில் மூன்று சர்வர்கள். முதலாளி அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அவர்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இவை எதற்காக? இந்தப் பெட்டிகளுக்குத் தனியாகத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. கடவுச்சொல்லை மாற்றவோ பதிவைப் பார்க்கவோ வேண்டுமானால், கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண்ணைத் தட்டுகிறோம். உடனே ஒரு பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, எதிரில் இருக்கும் பெட்டியிலிருந்தே வருகிறது. அதைத் தருவதுதான் உள்ளே பொதிந்திருக்கும் சர்வர்.

பெட்டி சிறியது என்பதால் சர்வரும் சிறியதாக இருந்தாக வேண்டும். பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வெள்ளயம்பலத்தில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக், 'வேகா' என்ற பெயரில் உள்நாட்டு நுண்செயலிகளை உருவாக்கியிருக்கிறது. அந்த வரிசையில் வந்த 'தேஜஸ்32' என்ற சில்லில் உள்ள நினைவகம் 256 கிலோபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். 1,330 குறளையும் யூனிகோடில் ஏற்றினால் அதிலேயே இந்த நினைவகத்தின் பெரும்பகுதி நிறைந்துவிடும். மிச்ச இடத்தில் பெரிய இணையதளங்களைத் தாங்கும் அப்பாச்சி போன்ற சர்வரை உட்கார வைக்க முடியாது. வீட்டின் அளவுக்கேற்ற வேலையாள்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட வேலையாட்கள் ஏராளம். போவா, டி.எச்.டி.டி.பி.டி., லைட்டி, கோஅஹெட், மங்கூஸ், எல்.டபிள்யூ.ஐ.பி.யுடன் வரும் சின்னஞ்சிறு சர்வர் என்று பட்டியல் நீளும். சில இலவசம், சில கட்டணம், சில இரண்டும். ஒரு சாஃப்ட்வேர் திட்டத்தைத் தொடங்குகிறவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது மொழிபெயர்ப்பு வழியாக. கிணற்று மோட்டாரைத் தூரத்திலிருந்தே இயக்கும் ஒரு பெட்டியைத் தயாரிக்கும் சிறு குழு, அதன் பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தது. குழுவில் நாகர்கோவில் பக்கத்து இளைஞர் ஒருவர். சர்வர் தேர்வு இன்னும் முடியவில்லை என்று அவர் ஓர் அட்டவணையைக் காட்டினார். அளவு, நினைவகம், வேகம், உரிமம், விலை என்று ஐந்து பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒழுங்கான வேலை.

"இதை யார் இப்போது பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பத்தி வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பக்கம் வந்தா போதும்லா அண்ணாச்சி? அதுக்குமேல அதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

இது அந்த இளைஞர் மட்டும் சொல்லும் பதில் அல்ல. உலகமெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பதில் இதுதான். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதற்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. அதில் ஒன்று நம் நாட்டை நேரடியாகத் தொட்டது.

முதலாவது போவாவின் கதை. மலைப்பாம்பின் பெயர் கொண்ட இந்த சர்வர் உருவத்தில் மிகச் சிறியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஆளை அனுப்பாமல், ஒரே ஆள் எல்லா மேசைகளையும் கவனித்துக்கொள்ளும் அமைப்பு. எனவே நினைவகம் குறைவாகச் செலவாகும். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடந்தது. மேலே சொன்ன ஐந்து பத்திகளிலும் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடியது. வாங்கவும் செய்தது. ஆனால் 2005உடன் போவாவின் வளர்ச்சி நின்றுபோனது. அதற்குப் பிறகு அதைத் திருத்துவதற்குப் பொறுப்பான ஆள் இல்லை.

ஆள் இல்லை என்பதால் போவா மறைந்துவிடவில்லை. ரௌட்டர்களுக்கும் கேமராக்களுக்கும் சில்லு தயாரிக்கும் நிறுவனங்கள், சில்லுடன் ஒரு சாஃப்ட்வேர் மூட்டையையும் சேர்த்துக் கொடுக்கின்றன. பெட்டி செய்கிறவர் அதன்மேல் தன் பெயரை ஒட்டி விற்கலாம். தைவானின் ரியல்டெக் கொடுத்த மூட்டையில் போவா இருந்தது. 2021 ஆகஸ்டில் அந்த மூட்டையில் கடுமையான ஓட்டைகள் இருப்பதாக ஜெர்மனியின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அறிவித்தபோது, குறைந்தது 65 நிறுவனங்களின் தயாரிப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் எத்தனை நிறுவனங்கள் போவாவைத் தேர்ந்தெடுத்திருக்கும்? பெரும்பாலானவை தேர்ந்தெடுக்கவே இல்லை. மூட்டையில் வந்தது, பெட்டிக்குள் போனது.

ஓட்டை என்றால் என்ன? ஓட்டல் உதாரணமே போதும். வாடிக்கையாளர் இரண்டு இட்லி கேட்கிறார், சர்வர் கொண்டுவருகிறார். அடுத்து, 'சமையலறைக்குள் போய், அங்கிருந்து பின்கதவு வழியாக முதலாளி அறைக்குப் போய், மேசை அறையில் இருக்கும் சாவியைக் கொண்டுவா' என்கிறார். நல்ல சர்வர் சிரித்துவிட்டு நகர்வார். விவரம் தெரியாத சர்வர் சாவியைக் கொண்டுவந்து தட்டில் வைப்பார். சிறு சர்வர்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் ஒரு வகை இதுதான்: தரக்கூடாத கோப்பைக் கேட்டாலும் தந்துவிடுவது. திருத்துவதற்குச் சில வரிகள் போதும். ஆனால் அந்தச் சில வரிகளை எழுத ஒருவர் வேண்டும். எழுதியது பெட்டிக்குப் போய்ச் சேரவும் வேண்டும்.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லடாக் எல்லைக்கு அருகே, வட இந்தியாவில் குறைந்தது 7 மாநில மின்சுமை பகிர்வு மையங்கள் ஊடுருவலுக்கு இலக்காயின என்றது அது. எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் என்று நொடிக்கு நொடி சமன்செய்யும் மையங்கள் இவை. சீன அரசுடன் தொடர்புடையவர்கள் மீது அறிக்கை சந்தேகம் தெரிவித்தது, சீனா மறுத்தது. அப்போது மத்திய மின்துறை அமைச்சராக இருந்த ஆர்.கே. சிங், லடாக் அருகே இரண்டு முயற்சிகள் நடந்தன, அவை வெற்றிபெறவில்லை என்று சொன்னார்.

நம் விஷயத்துக்குத் தேவையான வரி அந்த அறிக்கைக்குள் இருந்தது. ஊடுருவியவர்கள் தங்கள் கட்டளைகளை நேராக அனுப்பவில்லை. இன்டர்நெட்டில் திறந்து கிடந்த, வேறு யாருக்கோ சொந்தமான வீடியோ ரெக்கார்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றி, அவற்றின் வழியாக அனுப்பினார்கள். அதாவது, கல்லாவுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியின் சகோதரப் பெட்டிகள். அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், அறிக்கையில் இருந்த முகவரிகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அங்கே போவா இருந்தது. வளர்ச்சி நின்று 17 ஆண்டுகள் ஆன பிறகும், ஒரே வாரத்தில் உலகம் முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போவா சர்வர்கள் இன்டர்நெட்டில் வெளிப்படையாகத் தெரிந்தன என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

தன் பெட்டியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்கலாம். அவரது பெட்டியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேறொருவர் வீட்டுக்குக் கன்னம் வைப்பவன் ஏறி நிற்க அந்தப் பெட்டி ஒரு திண்ணையாகிவிடுகிறது.

இரண்டாவது வரலாறு இன்னும் நுட்பமானது. ரோம்பேஜர் என்ற சர்வர் அனாதை அல்ல. அமெரிக்காவின் அலெக்ரோ சாஃப்ட் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது, விற்றது, கவனித்துக்கொண்டது. அதில் இருந்த ஒரு பிழையை 2005இலேயே திருத்தியும் விட்டது. 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, அந்தப் பழைய பிழையுடனேயே 189 நாடுகளில் குறைந்தது 1.2 கோடிக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் வீட்டு ரௌட்டர்கள். மருந்து கண்டுபிடித்து 9 ஆண்டுகள். நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. சர்வர் தயாரித்தவர் சில்லு நிறுவனத்துக்குக் கொடுத்தார். சில்லு நிறுவனம் பழைய பதிப்பையே பெட்டி செய்கிறவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டி செய்கிறவரோ விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார். இந்தச் சங்கிலியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணியோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆக, அட்டவணையில் சேர்க்க வேண்டியவை இரண்டு பத்திகள். இதைத் திருத்துகிறவர் யார்? திருத்தியது பெட்டிக்கு எப்படிப் போகும்?

முதல் கேள்விக்குப் பதில் தேடுவது கடினமல்ல. கடைசிப் பதிப்பு எந்த ஆண்டு வந்தது, பிழை சொன்னால் எத்தனை நாளில் பதில் வருகிறது, திருத்துகிறவர்கள் ஒருவரா பலரா என்று பார்த்தால் போதும். உரிமத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மங்கூஸ் சர்வர் 2013இல் உரிமத்தை மாற்றியது. அதுவரை தாராள உரிமத்தில் இருந்ததை வணிகர்கள் தொடர்ந்து பயன்படுத்தக் கட்டணம் அல்லது கடுமையான நிபந்தனை என்றாயிற்று. அப்போது சிலர் மாற்றத்துக்கு முந்தைய பதிப்பை எடுத்து 'சிவெட்வெப்' என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள். மூல நிரல் திறந்திருந்தால் இப்படி ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்டது இந்தத் திருவனந்தபுரத்தில்தான் என்பதால் இங்கே இந்த வாதம் அடிக்கடி காதில் விழும். சரியான வாதம். ஆனால் 'தொடரலாம்' என்பது வேறு, 'தொடர்கிறார்' என்பது வேறு. போவாவின் நிரலும் திறந்தே இருந்தது. உலகமெங்கும் பெட்டிகளில் அதைப் போட்டு விற்றவர்கள் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பராமரிப்பு என்பது ஏற்பாடு. தானாக நடப்பதல்ல. பழவங்காடி கோவிலே அதற்குச் சாட்சி. திருவிதாங்கூரின் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்தில் வணங்கிய பிள்ளையார், படை இடம் மாறியபோது இங்கே வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு சமஸ்தானம் போயிற்று. நாயர் படை இந்திய ராணுவத்தில் இணைந்தது. நிறுவியவர்கள் இல்லாமல் போன கோவில்கள் எத்தனையோ ஊர்களில் பாழடைந்து கிடக்கின்றன. இந்தக் கோவிலை இன்றும் இந்திய ராணுவம் பராமரிக்கிறது. பக்தர்கள் உடைக்கும் தேங்காய்கள் ஒவ்வொரு நாளும் குவிகின்றன, ஒவ்வொரு நாளும் அகற்றப்படுகின்றன. படை மாறினாலும் பொறுப்பு யாரிடம் என்பதில் குழப்பம் வரவில்லை.

இரண்டாவது கேள்வி செலவுள்ளது. விற்ற பெட்டிக்குத் திருத்தம் அனுப்ப வழி வைக்க வேண்டும். அனுப்பியது தயாரிப்பாளரிடமிருந்தே வந்தது என்று பெட்டி சரிபார்க்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்பத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் நினைவகத்தில் கூடுதல் இடம் தேவை. அட்டவணையின் முதல் இரண்டு பத்திகளில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்க நேரும். 40 கிலோபைட் சர்வரா 90 கிலோபைட் சர்வரா என்று தலையை உடைத்துக்கொள்கிறவர்கள், திருத்தத்துக்கு இடம் ஒதுக்காமல் விட்டால் அந்த மிச்சத்துக்குப் பொருளே இல்லை.

இத்தனை தொல்லை எதற்கு, பெட்டிக்குள் சர்வரே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு செல்போன் செயலி மூலம் இயக்கலாமே என்று ஒரு கட்சி உண்டு. இன்று அதற்குத்தான் செல்வாக்கு. அதன் முடிவையும் உலகம் பார்த்திருக்கிறது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்கிய 'ரெவால்வ்' என்ற கருவியை வாங்கிய நெஸ்ட் நிறுவனம், 2016 மே 15 அன்று அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. உள்ளே சர்வர் உள்ள பெட்டி அப்படிச் செத்துப்போகாது. இன்டர்நெட் இல்லாத தோட்டத்திலும், நிறுவனம் மூடிய பிறகும், பக்கத்தில் நின்று எண்ணைத் தட்டினால் பக்கம் வரும். பதிவுகளும் உடைமையாளரிடமே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயிக்கு இரவு 2 மணிக்கு மோட்டாரைப் போட வேண்டுமென்றால், வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றின் தயவு அவருக்கு எதற்கு? ஆகவே உள்ளே சர்வர் இருப்பது நல்லதே. அதைத் தேவையில்லாமல் இன்டர்நெட்டின் பக்கம் திறந்துவிடாமல், வீட்டுக்குள்ளேயே வேலை பார்க்க வைப்பது அதைவிட நல்லது.

சட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றன. கருவிக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், 2027 டிசம்பர் முதல் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவைக் கட்டாயமாக்குகிறது. இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்தது. ஒரு சாஃப்ட்வேருக்குள் என்னென்ன உதிரிகள் இருக்கின்றன என்று பட்டியல் வைக்கும்படி மத்திய அரசின் செர்ட்-இன் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்துச் சீட்டில் உள்ளடக்கம் அச்சிடுவது போன்ற ஏற்பாடு இது. போவா உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருந்தாலாவது, அதைத் தூக்கியெறிய ஒருவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் விதி, இனி விற்கப்போகும் பெட்டிகளுக்கு. ஏற்கனவே கடைகளில் உட்கார்ந்திருப்பவை அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை கடைக்காரர் செய்யக்கூடியவை எளியவை. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுவது. வெளியூரிலிருந்து பார்க்கும் தேவை இல்லையென்றால் அந்த வழியை மூடச் சொல்வது. பொருத்த வருகிறவரிடம், 'இதற்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?' என்று கேட்பது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. நூறு கடைக்காரர்கள் கேட்டால் விற்பனையாளர் தயாரிப்பாளரைக் கேட்பார். தயாரிப்பாளர் தன் இளம் பொறியாளரைக் கேட்பார்.

அந்தக் கேள்வி நாகர்கோவில் இளைஞரின் அட்டவணையில் இப்போது ஏழு பத்திகளாகியிருக்கிறது. புதிய பத்திகளை நிரப்பியபோது, முதல் ஐந்தில் முன்னணியில் இருந்த சர்வர் கீழே போய்விட்டது. தேர்ந்தெடுத்தது கொஞ்சம் பெரியது, கொஞ்சம் மெதுவானது. மோட்டாரைப் போடக் காத்திருக்கும் விவசாயிக்கு அரை நொடி பெரிதல்ல. அவருக்கு அந்தப் பெட்டி 10, 15 வருடம் உழைக்க வேண்டும். அத்தனை வருடமும் யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள்: எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும் என்பது. ஆண்டுக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த எண்ணை நிரப்புவதற்குத்தான் குழு இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.